எட்டாவது மின்னஞ்சல்

எல்லா அலுவலகத்திலும் பதில் போடாத மகராசன் ஒருவர் இருப்பார். மாணவர் விடுதிகளைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர் கோ. நமச்சிவாயம். "அவருக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று பதினெட்டு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார் எழுத்தர் அற்புதராஜ்.

விடுதிப் பிள்ளைகளுக்குப் பாய் வாங்க நமச்சிவாயத்தின் ஒப்புதல் வேண்டும். தற்காலிக வேலையில் இருந்த முத்தரசி ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். "எனக்கு ஒண்ணும் வரலையேம்மா" என்றார் அவர். "இன்னிக்கு ஒப்புதல் வரலைன்னா நாளையிலேருந்து நீ வரவேண்டாம்" என்றார் மேலாளர்.

முத்தரசி எட்டாவதை அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் நமச்சிவாயம் அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

"கா. நமச்சிவாயமா? எங்கப்பா பேரு கோமதிநாயகம்! ஏழு தடவையும் 'கோ'ன்னு சரியாத்தானே போட்டே, எட்டாவதுல என்ன கேடு?"

மேலாளரும் அங்கேதான் நின்றிருந்தார்.

"அப்ப ஏழும் வந்துச்சுங்களா சார்?" என்றாள் முத்தரசி பணிவாக.

நமச்சிவாயம் அங்கேயே ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அற்புதராஜ் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "எப்படிம்மா இது?"

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. 'கோ'வுல இருந்த கொம்பை மட்டும் எடுத்துட்டேன்."