தூக்கணாங்குருவி நகரம் காலியான கதை

ஒரு காட்டில், ஏரிக்கரை ஈச்ச மரங்களில் தூக்கணாங்குருவிகளின் நகரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் ஊரே ஊஞ்சலாடும், ஒரு முட்டைகூட விழாது. அலகைத் தவிர வேறு கருவி இல்லாமல் இத்தனையும் கட்டிய அந்தக் குருவிகளை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அங்கே ஒரு வழக்கம். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து, கூட்டின் நாரை இழுத்துப் பார்த்து, பிடித்தால்தான் குடியேறும். குஞ்சுகளுக்கு இரை தேடுவது பெண்ணின் வேலை. ஆணுக்கு அடுத்த கூடு பின்னவே நேரம் சரியாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஊர் மெல்ல மெல்லக் காலியானது. பெண் குருவிகள் வந்தன, பார்த்தன, பேசாமல் வேறு காட்டுக்குப் போயின. தலைவன் மஞ்சனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அவன் இருவாச்சிப் பறவைகளின் ஊருக்குப் போய் விசாரித்தான். புயலில் பொந்து மரங்கள் விழுந்ததால் தங்கள் ஊரும் ஒருமுறை காலியானதாகவும், வேறு பொந்துகள் கிடைத்ததும் எல்லோரும் திரும்பிவிட்டதாகவும் அவை சொல்லின.

"அப்படியானால் வீடுதான் வேண்டும்" என்று மஞ்சன் முடிவுகட்டினான்.

ஆண் குருவிகள் இராப்பகலாகப் பின்னின. என்ன அருமையான கூடுகள்! ஆனால் குடியேறியவை எறும்புகள் மட்டும்தான்.

அந்தப் பக்கம் வந்த நாரைக்குச் சிரிப்பு வந்தது. "எங்கள் ஊர் குளம் வற்றியதால் காலியானது. இங்கே தண்ணீர் தளும்புகிறது. வீடும் சும்மா கிடக்கிறது. உன் ஊருக்கு வந்தது வேறு ஏதோ, மஞ்சா."

மஞ்சன் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் அவன் மகள் கொன்றையே புறப்பட்டு நின்றாள். "நீயுமா, அம்மா? கூட்டில் என்ன குறை, சொல்."

"கூட்டில் ஒரு குறையும் இல்லை, அப்பா. நம் புல்வெளியை நீங்கள் பார்த்து எவ்வளவு நாளாகிறது?"

கொன்றை அவனை அழைத்துப்போய்க் காட்டினாள். புல் இருந்த இடமெல்லாம் முட்புதர் மண்டிக் கிடந்தது. புல் விதையும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை.

"போன மழைக்கு ஒரு வாய் இரை தேடி மலை தாண்டிப் போனேன். திரும்பி வருவதற்குள் என் குஞ்சு செத்துவிட்டது. வீடு நன்றாகத்தான் இருந்தது, அப்பா."

மஞ்சன் அழுதுவிட்டான். ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை, அதுதான் அவன் பெருமை. கூடு கட்டுவதை அன்றே நிறுத்தச் சொன்னான். காட்டுப்பன்றிகளைத் தேடிப்போய், "அந்தப் புதருக்கு அடியில் நல்ல கோரைக் கிழங்கு இருக்கிறது" என்றான். பன்றிகளுக்கு வேறென்ன வேண்டும்? வேரோடு கிளறித் தள்ளிவிட்டன. மறுபடி முளைத்த முட்கன்றுகளை ஆண் குருவிகள் அலகாலேயே பிடுங்கின. வாய் புண்ணாகியும் விடவில்லை.

மழை பெய்தது, புல் தழைத்தது. சேதி கேட்டுப் பெண் குருவிகள் வந்தன. வந்தவை முதலில் கூடுகளைப் பார்க்கவில்லை, புல்வெளியைத்தான் சுற்றிப் பார்த்தன.

போயிருந்த கொன்றையும் திரும்பி வந்தாள். ஊரிலேயே அழகான கூட்டை மஞ்சன் அவளுக்குக் காட்டினான். அவளோ புல்வெளிக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு கோணல் கூட்டில் போய் முட்டையிட்டாள்.

நீதி: ஊர் ஏன் காலியாகிறது என்று அடுத்த ஊரைக் கேட்காதே, உன் ஊரை விட்டுப் போகிறவரைக் கேள்.