பலாமரத்து வளைவு

மலை ஏற ஆசைப்பட்ட ஒருத்தி முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஏறத்தான் என்பீர்கள். செங்கமலமும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

செங்கமலத்துக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்தபோது ஏறிய எடை இறங்கவே இல்லை. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நடந்துதான் பார்த்தாள். ஆனால் நடந்து முடித்துத் திரும்புகிற வழியில் ஒரு போண்டாக் கடை இருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் கணவன் முத்தழகு யாரிடமோ சொல்லி வைத்து, ஒரு கை மாறிய கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். நீலக் கலர். முதல் வாரம் உட்காரும் இடமெல்லாம் வலி. அடுத்த வாரம் முகத்தில் அடிக்கிற காற்று பிடித்துப்போனது. பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. விடிவதற்குள் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து இட்லி ஊற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை செயினைத் துடைத்து எண்ணெய் விடுவாள். போகிற வருகிற சைக்கிளையெல்லாம் நின்று பார்ப்பாள். டயர் என்ன, கியர் என்ன என்று முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கேட்பாள். மழையில் வந்தால் சைக்கிளைத் துடைத்துவிட்டுத்தான் தலையைத் துவட்டுவாள். வீட்டில் ரெண்டு சக்கரத்தோடு ஒரு தம்பி பிறந்திருக்கிறான் என்று பெரிய மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தாள்.

போண்டாக் கடை அதே இடத்தில்தான் இருந்தது. இப்போது அதைக் கடக்கும்போது நல்ல வேகம் இருந்தது.

அந்த ஊரில் பெண்களுக்கென்று ஒரு சைக்கிள் குழு உண்டு. நடத்துகிறவள் அருள்சீலி. மாநில அளவில் பந்தயம் ஓட்டியவள், செங்கமலத்தைவிட வயதில் சின்னவள். அவள் இவளை அக்கா என்பாள். இவள் அவளைக் குருவே என்பாள். கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தாள். போகப் போகக் குழு முழுவதுமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

யாராவது எதையாவது கேட்டால் அருள்சீலி லேசில் பதில் சொல்ல மாட்டாள். சீட்டை எதற்கு இவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், கால் எட்டாமல் பயமாக இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். அருள்சீலி பேசாமல் அந்தச் சீட்டை இறக்கிக் கொடுத்து ஏரியைச் சுற்றி வரச் சொன்னாள். போனவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து, தன் கையாலேயே சீட்டை ஏற்றிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் குழு கொழுந்துமலைக்குப் போகும். அடிவாரத்தில் கிளம்பினால் உச்சியில் இருக்கிற தோரண வாசல் வரை ஒரே ஏற்றம். மேலே போய் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வழியில் எங்குமே தரையில் கால் ஊன்றாமல் வந்தவர்கள் முன் வரிசை. நடுவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பின்னால். யாரும் சட்டம் போட்டதில்லை, அப்படியே பழகிவிட்டது.

முன் வரிசையில் எப்போதும் நடுவில் நிற்பவள் வேணி. செங்கமலத்துக்கு ஓரகத்தி, முத்தழகின் தம்பி மனைவி. ஒல்லியான உடம்பு, கல் மாதிரிக் கால்கள்.

வீட்டில் ஒரு காதுகுத்து நடந்தபோது பேச்சு மலையைப் பற்றி வந்தது. இந்தத் தடவை நானும் வருகிறேன், முன் வரிசையில்தான் என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. பந்தியில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேணி பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க. பின் வரிசையிலயும் நல்ல வெளிச்சம் விழும்."

எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்து வைத்தாள். பாயசம் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் மலைக்குப் போய்ப் பார்த்தாள். பாதி மலையில் பலாமரத்து வளைவு என்று ஒன்று இருக்கிறது. சாலை அப்படியே திரும்பி நெற்றிக்கு நேராக நிற்கும். அங்கே வந்ததும் தொடை கனக்கும், சைக்கிள் தள்ளாடும், கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். வந்தது வந்ததுதான். அந்தச் சரிவில் மறுபடி மிதித்துக் கிளம்ப வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சைக்கிளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். இறங்கும்போது காற்றில் கண் கலங்கியது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அருள்சீலியிடம் போய் நின்றாள்.

"குருவே, பலாமரத்து வளைவுல கால் ஊணாம ஏறுறது எப்படி?"

அருள்சீலி ஹெல்மெட் வாரைக் கழுத்தில் மாட்டினாள். "காலையில ரயில்வே பாலத்துக்கு வாங்கக்கா."

ரயில்வே பாலம் ஊருக்கு நடுவே இருக்கிற மேம்பாலம். மலை அளவுக்கு இல்லையென்றாலும் நல்ல மேடுதான். செங்கமலம் மிதித்து ஏறினாள். பாதியில், நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வந்த அருள்சீலி சொன்னாள்.

"நில்லுங்க."

நின்றாள். கால் ஊன்றினாள்.

"கிளம்புங்க."

கிளம்ப வரவில்லை. முன்சக்கரம் மடங்கி, சைக்கிளோடு பாலத்துச் சுவரில் சாய்ந்தாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, தள்ளிக்கொண்டு போகச் சொல்லி அறிவுரை வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். நில்லுங்க, கிளம்புங்க. வேறு ஒரு வார்த்தை கிடையாது. மேட்டின் உச்சியைக் கண்ணால் பார்க்கக்கூட விடவில்லை. முழங்கை சிராய்த்தது. மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு சமைத்தவளைப் பார்த்து, சைக்கிள் ஓட்டப் போகிறாயா சண்டைக்குப் போகிறாயா என்று முத்தழகு கேட்டான்.

ஒரு நாள் பாலத்தின் நடுவிலேயே செங்கமலம் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டாள்.

"குருவே, நான் என்ன கேட்டேன்?"

"கால் ஊணாம ஏறணும்னு கேட்டீங்க."

"நீ என்ன சொல்லித் தர்றே? ஊண மட்டுந்தானே சொல்லித் தர்றே?"

"அதுவும் இன்னும் வரலையேக்கா. பொத்துன்னு விழுறீங்க."

செங்கமலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. சைக்கிளை எடுத்து நிமிர்த்தினாள்.

அதன் பிறகு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. நின்றபின் கியரை மாற்ற முடியாது; நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். சைக்கிளை மேட்டுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் குறுக்காகத் திருப்பி வைத்தால் சரிவு பாதியாகிவிடும். ஒரு பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை விடுவதும் அந்தப் பெடலை அழுத்துவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் வாயால் சொல்லித் தரவில்லை. முழங்கைதான் சொல்லித் தந்தது.

மலைக்குப் போகிற நாள் வந்தது. அடிவாரத்தில் பனி. பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். முத்தழகு பிள்ளைகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே மேலே போய்விட்டான். அருள்சீலியும் கால் பலத்த இரண்டு பேரும் முதலில் போனார்கள். அடுத்து வேணி. அவளுக்குக் கொஞ்சம் பின்னால் செங்கமலம். மற்றவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வேணி நின்றபடி மிதித்தாள். கனமான கியர், ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் ஒரு தாவு தாவியது. அழகாகத்தான் இருந்தது. செங்கமலம் உட்கார்ந்தபடியே, மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

பலாமரத்து வளைவுக்குள் நுழையும்போது தொடை கனத்தது. சைக்கிள் தள்ளாடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது மேலே ஹாரன் கேட்டது. பஸ் இறங்குகிறது.

அந்த வளைவில் பஸ் திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். வேறு வழியே இல்லை. வேணி ஓரமாக ஒதுங்கிக் கால் ஊன்றினாள். செங்கமலமும் ஊன்றினாள்.

பஸ் ஒரு தடவை பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, புகையைக் கக்கிவிட்டுக் கீழே இறங்கியது. ஜன்னலில் ஒரு பாட்டுச் சத்தம் போனது. அப்புறம் மலை அமைதியாகிவிட்டது.

செங்கமலத்துக்கு முன் வரிசை போயிற்று. காதுகுத்துப் பந்தி முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

ஆனால் அவள் கை அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஹாரன் கேட்டபோதே கியரை இறக்கியிருந்தது. இப்போது சைக்கிளைக் குறுக்காகத் திருப்பியது. பெடல் மேலே வந்தது. பிரேக்கும் காலும் ஒரே மூச்சு. சக்கரம் உருண்டது.

பக்கத்தில் வேணி இன்னும் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனமான கியர் அசையவில்லை. சைக்கிள் சாய்ந்தது, பிடித்துக்கொண்டாள், மறுபடி சாய்ந்தது.

"அக்கா, இந்த இடத்துல கிளம்ப முடியாதுக்கா," என்றாள்.

செங்கமலம் கிளம்பிவிட்டிருந்தாள்.

வளைவைத் தாண்டினாள். அதற்கு மேலே அவள் பார்த்திராத சாலை. சில்வர் ஓக் மரங்கள், காப்பிச் செடிகள், ஒரு சின்ன டீக்கடை. திரும்பிய இடத்தில் ஊர் தெரிந்தது. தினமும் அவள் சுற்றுகிற ஏரி ஒரு தோசை அளவுக்குக் கிடந்தது. இவ்வளவு உயரத்துக்கு நம் காலா கொண்டுவந்தது என்று தொடையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். நடுவில் ஓரிரு இடத்தில் மூச்சு முட்டியது. ஊன்றினாள், மூச்சு விட்டாள், கிளம்பினாள். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

தோரண வாசலில் பிள்ளைகள் கத்தினார்கள். சின்னவன் ஓடி வந்து வேர்த்த வயிற்றைக் கட்டிக்கொண்டான். முத்தழகு பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தான்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். வாங்க வாங்க என்று முன் வரிசையில் இடம் விட்டார்கள். செங்கமலம் போய்ப் பின்னால் நின்றாள். பஸ்ஸுக்காக நின்றதெல்லாம் கணக்கில் வராது என்று முத்தழகு காதருகே வந்து சொன்னான். அவள் தலையாட்டி மறுத்தாள். பஸ்ஸுக்காக மட்டும் நிற்கவில்லையே.

அருள்சீலி வந்தாள். "என்னக்கா, இங்க நிக்கிறீங்க?"

"ஊணிட்டேன் குருவே."

"எங்க?"

"பலாமரத்து வளைவுல. அப்புறம் மேலயும்."

"ஊணிட்டு?"

"ஊணிட்டு என்ன. கிளம்பி வந்துட்டேன்."

சொல்லும்போது அவளையறியாமல் முதுகு நிமிர்ந்தது. சொல்லி முடித்த பிறகும் நிமிர்ந்தே இருந்தது.

"குருவே, இப்ப நான் எந்த வரிசை? அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடு."

அருள்சீலி சாலையோரக் கட்டைச் சுவருக்கு நடந்து போய்க் கீழே பார்த்தாள். செங்கமலமும் போய்ப் பார்த்தாள். ரொம்பக் கீழே, பலாமரத்து வளைவில், மஞ்சள் ஹெல்மெட் ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேணிக்குத் தள்ளிக்கொண்டு மேலே வர மனசில்லை, திரும்பிக் கீழே போகவும் மனசில்லை.

முன் வரிசையில் இருந்த ஒருத்தி, நான் போய்ப் பார்க்கட்டுமா என்றாள்.

அருள்சீலி வேண்டாம் என்று கை காட்டினாள். "முன் வரிசையில நாம யாரும் அந்த இடத்துல நின்னு கிளம்பினதில்ல."

பிறகு செங்கமலத்தின் நீலச் சைக்கிளை அவளே உருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடியை அவள் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க இறங்கிப் போய் வேணியைக் கூட்டிட்டு வாங்க. தள்ளிக்கிட்டு வேணாம். ஓட்ட வச்சே கூட்டிட்டு வாங்க."