விதைநெல் போன மூன்று வழிகள்

முன்னொரு காலத்தில், எதுவும் சமமாகவே இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். மீசையின் ஒரு பக்கம் ஒரு முடி கூடினாலும் நாவிதருக்கு அன்று சோறு இறங்காது.

ஓர் ஐப்பசியில் ஆறு பெருகி, நாட்டின் விதைநெல் முழுவதும் இருந்த களஞ்சியத்தை நெருங்கியது. பொழுது சாய்வதற்குள் நெல்லைக் குன்றின் மேலிருந்த பழைய கோட்டைக்கு ஏற்றியாக வேண்டும். போக மூன்று வழிகள்: அகலமான கற்சாலை, ஏரிக்கரைப் பாதை, ஒரு நேரத்தில் ஒரே வண்டி போகும் மரப்பாலம்.

அரசவை விகடன் கொழுந்தப்பனைக் கண்டாலே எரியும் அமைச்சர் மாசிலாமணியார், அந்தப் பொறுப்பை அவன் தலையில் கட்டினார். கூடவே ராஜாவுக்குப் பிடித்த மாதிரி ஓர் ஆணையும் வாங்கி வைத்தார். மூன்று வழியிலும் வண்டிகள் முறை வைத்து, ஒன்றுக்கு ஒன்று சமமாகப் போக வேண்டும். முறை தப்பினால் விகடனை நாடு கடத்துவார்கள்.

உச்சிப்பொழுதாகியும் மூன்றில் ஒரு பங்கு நெல்கூட நகரவில்லை. பாலத்து வண்டி கடந்து முடிக்கும்வரை அடுத்த முறை தொடங்கக் கூடாதே! கற்சாலை வெறுமையாகக் கிடந்தது. அதன் நடுவே ஓர் எருமை நின்று அசைபோட்டது. தண்ணீர் களஞ்சியத்தின் முதல் படியைத் தொட்டுவிட்டது.

வண்டிக்காரர் சடையன் விகடனிடம் வந்தார். “சாமி, நீங்க நாட்டை விட்டுப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வச்சுப் பொழச்சுக்குவீங்க. விதை போனா நாங்க எதைப் போய் விதைக்கிறது?”

அதற்குமேல் கொழுந்தப்பனால் நிற்க முடியவில்லை. ஓடுவதற்கென்று செய்த உடம்பு இல்லை அது. இருந்தும் அரண்மனைக்கு ஓடினான்.

ராஜா அமைச்சரோடு உணவருந்திக்கொண்டிருந்தார். கொழுந்தப்பன் பரிசாரகனிடமிருந்து ரசக் கரண்டியை வாங்கினான். முதல் கரண்டியை இலையில் விட்டான். இரண்டாவதை அரசரின் மூக்கருகே நீட்டினான்.

“கொழுந்தப்பா, இது என்ன விபரீதம்?”

“தங்கள் ஆணைதான், அரசே. உள்ளே போக வாய் ஒன்று, மூக்குத்துளை இரண்டு. மூக்கு அதன் பங்கைக் குடித்து முடிக்கட்டும். அதுவரை வாய் காத்திருக்கட்டும்.”

அமைச்சர் இது ராஜநிந்தனை என்றார். ராஜாவோ ரசத்தின் ஆவியில் இரண்டு முறை தும்மிவிட்டு, வேறென்ன செய்யலாம் என்று கேட்டார்.

“எந்த வழியில் காத்து நிற்கும் வண்டிகள் குறைவோ, அடுத்த வண்டி அந்த வழியில் போகட்டும், அரசே.”

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அதன்பின் வண்டிகள் நிற்கவில்லை. மாலையில் வெள்ளம் பாலத்தையே அடித்துக்கொண்டு போனபோதும், அங்கே நின்ற வண்டிகள் யாரையும் கேட்காமல் மற்ற இரு வழிகளுக்குத் திரும்பின. அந்த நேரம் ராஜா யானைமேல் வந்தார். பாலத்தின் பங்கில் இன்னும் முப்பது வண்டி பாக்கி என்று அமைச்சர் அவரிடம் முறையிட்டார்.

“அதைத் தாங்களே தலையில் வைத்து நீந்திப் போய்ச் சேர்த்துவிடுங்கள், அமைச்சரே” என்றான் கொழுந்தப்பன்.

ராஜா சிரித்த சிரிப்பில் யானையே திரும்பிப் பார்த்தது. என்ன வேண்டுமோ கேள் என்றார்.

ஒரு மணி நெல்கூட நனையவில்லை என்று சொன்னால் அது பொய். ஏழு மூட்டை நனைந்திருந்தது. கொழுந்தப்பன் அந்த ஏழையும் கேட்டு வாங்கினான். வறுத்து, இடித்து, அத்தனை வண்டிக்காரர்களுக்கும் சுடச்சுட அவல் கொடுத்தான்.