பதிமூன்று கல்லும் ஒரு சம்பந்தமும்

கோணச்சத்திரத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிறது. வாங்கின மேனிக்கு, கைபடாமல் அப்படியே இருக்கிறது. அந்த ஊரில் பக்கிரிசாமி என்று ஒருவர். சிங்காரம், வைத்தி என்று அவருக்கு இரண்டு தம்பிகள். யார் எதைச் சொன்னாலும் மூவரும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வார்கள்.

பக்கிரிசாமிக்கு ஒரே மகள், செண்பகம். பெண் லட்சணமானவள்தான், வாசல்தான் சரியில்லை. ஒரு தூறல் போட்டால் போதும், தெருக்கதவிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் களிமண் குழைந்து கிடக்கும். முதலில் பெண் பார்க்க வந்தவர் அதில் வழுக்கி விழுந்து, எழுந்து, நேராக பஸ் ஏறிவிட்டார். இரண்டாவது வந்தவர் எழுந்திருக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரன் வெள்ளிக்கிழமை வருகிறது என்று தெரிந்ததும் பக்கிரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைநழுவினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனுஷன் நிஜமாகவே கலங்கிப்போனார்.

"வாசலுக்குக் கல்லு பதிச்சிடுங்கப்பா" என்றாள் செண்பகம்.

மூவரும் கல்லுக்கடைக்குப் போனார்கள். "தண்ணி ஊத்தி, வெறுங்கால்ல நடந்து பாருங்க. வழுக்காத கல்லா எடுங்க" என்றார் கடைக்காரர். நடந்தார்கள். உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல்லில் ஒருவரும் விழவில்லை. ஆனாலும் சிங்காரத்துக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, நம்ம வாசல்ல விழுந்தவங்க ரெண்டு பேரும் சம்பந்திங்க. நாம விழலைங்கறதை வச்சு எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. அங்கேயே வைத்தியைச் சம்பந்தி ஆக்கினார்கள். தோளில் துண்டைப் போட்டு, வாயில் வெற்றிலையைத் திணித்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்தி வழவழப்பான கடப்பா கல்லில் மூன்று முறை விழுந்தான். கருங்கல்லில் ஜம்மென்று நடந்தான்.

"சம்பந்திக்குத் திருப்திதானே?" என்றார் பக்கிரிசாமி.

"கல்லு இருக்கட்டும். பொண்ணைக் காட்டுங்க" என்றான் வைத்தி.

வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி கலியபெருமாள் வந்து மண்ணைச் சமப்படுத்திக் கொடுத்தார். அவருக்கு மச்சான் வீட்டில் கிரகப்பிரவேசம். "வரிசையா வச்சுக்கிட்டே போங்க. கல்லுக்குக் கல்லு ஒரு விரல் சந்து விடணும். மூணு நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாது. பந்தி முடிஞ்சதும் வந்து மிச்சத்தைச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பதிமூன்று கல். பன்னிரண்டு சந்து. முதல் சந்திலேயே வேலை நின்றுவிட்டது.

"ஒரு விரல்னாரே, யார் விரல்?" என்றான் வைத்தி.

"வீட்டுக்காரன் விரல்தான்" என்று பக்கிரிசாமி தன் வலது கை விரலை வைத்து, அடுத்த கல்லை அணைத்தார். இரண்டாவது சந்துக்கு இடது கை. மூன்றாவது சந்துக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்து எடுத்து வைக்கலாமாண்ணே?"

"விரல் விடணும்னாரு. எடுக்கணும்னு சொல்லலையே. எடுத்தா அப்புறம் அது வெறும் சந்துடா."

தம்பிகளும் படுத்து விரலை வைத்தார்கள். ஆளுக்கு நாலு சந்து என்று கணக்கு சரியாக வந்தது. கைக்கு இரண்டு, கால் விரலுக்கு இரண்டு. கடைசிக் கல்லை வைத்து முடித்தபோது மூன்று பேரும் வாசல் நெடுக குப்புறக் கிடந்தார்கள்.

"அண்ணே, மிதிக்கக் கூடாதுன்னாரே?" என்றான் சிங்காரம் கவலையோடு.

"மிதிக்கறது கால்ல. நாம வயித்துலதானே கிடக்கோம்?"

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா உலகநாதன் தாம்பூலத் தட்டோடு தெருக்கதவைத் திறந்தார். முதல் பந்தியில் இலை போடவில்லை என்பதற்காக மூன்று சொந்தங்களை முறித்துக்கொண்டவர் அவர். மகனையும் மனைவியையும் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். பெண் வீட்டு ஆண்கள் மொத்தப் பேரும் காலடியில் விழுந்து கிடந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயையோ, எழுந்திருங்க சம்பந்தி, எழுந்திருங்க!"

"மூணு நாள் ஆகும் சம்பந்தி" என்றார் பக்கிரிசாமி.

"மூணு நாளா!" இத்தனை மரியாதையை உலகநாதன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "இந்தச் சம்பந்தத்தை நான் விடறதா இல்லை. இப்பவே தட்டு மாத்திக்குவோம். பிடிங்க."

பக்கிரிசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாங்கத்தான் கை இல்லை. விஷயத்தைச் சொன்னார். உலகநாதன் ஒவ்வொரு சந்தாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கென்ன, நான் பிடிச்சுக்கறேன்" என்று தட்டை வைத்தியின் முதுகில் வைத்து, பக்கிரிசாமியின் இடத்தில் படுத்துக்கொண்டார். பக்கிரிசாமி பக்கவாட்டில் உருண்டு எழுந்தார்.

"குடுங்க சம்பந்தி."

"எப்படிக் குடுப்பேன்? கை சந்துல இருக்கே."

மறுபடி இவர் படுத்தார், அவர் எழுந்தார். அவர் தட்டை நீட்டினார், இவருக்குக் கை இல்லை. நாலு தடவை இப்படி நடந்தது. செண்பகத்துக்குத் தாங்கவில்லை.

"அப்பா, சந்துல ஒரு குச்சியை வச்சுட்டு எழுந்திருங்களேன்!"

பெரியவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். "குச்சின்னா மேஸ்திரி குச்சின்னே சொல்லியிருப்பாரேம்மா" என்றார் உலகநாதன் பரிவாக. "சின்னப் பொண்ணு. நம்ம வீட்டுக்கு வந்தா எல்லாம் பழகிடும்."

பந்தி முடிந்து கலியபெருமாள் ஏப்பத்தோடு வந்தபோது உலகநாதன் படுத்திருக்கும் முறை. மேஸ்திரியும் கோணச்சத்திரத்துக்காரர்தான். பன்னிரண்டு சந்தையும் குனிந்து பார்த்து, "அளவு கச்சிதம்" என்றார். "இனி மணலைக் கொட்டி, தண்ணி ஊத்தி, சந்தை இறுக்கமா மூடிடுங்க."

பக்கிரிசாமி மணல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து தயங்கி நின்றார்.

"சம்பந்தி, விரலை எடுத்துக்கறீங்களா?"

"மேஸ்திரி எடுக்கச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்புறம் நீங்களா ஏன் சேத்துச் சொல்றீங்க? கூச்சப்படாமப் போடுங்க மணலை. இனிமே நாம ஒரே குடும்பம்!"