மருதியின் காதில் இருந்த உண்ணி

மலையடிவாரத்துக் காட்டில், அகலமான ஒரு குட்டையை ஒட்டி முப்பது புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன. மருதி என்ற பெண்மான்தான் அவற்றுக்கு வழிகாட்டி. எங்கே மேய்வது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதை அவள்தான் சொல்வாள். புலி வரும் வாடையை முதலில் பிடிப்பதும் அவள்தான். அதனால் அவள் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

அந்த வருடம் நல்ல மழை. புதரோரத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. மான்கள் நாள் முழுக்க அங்கேயே மேய்ந்தன. பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் வேம்பி என்ற மான் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஈறு வெளுத்துப் போயிருந்தது. புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் பயந்தது. வேம்பியின் மூச்சுக் காற்றில் நோய் பரவும் என்றது ஒரு மான். அவள் வாய் வைத்த தண்ணீரைத் தொடக்கூடாது என்றது இன்னொன்று. மருதி யோசித்தாள். இருபத்தொன்பது உயிர்களைக் காப்பாற்ற வேண்டுமே! வேம்பியும் அவளும் ஒரே கோடையில் பிறந்தவர்கள். என்றாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள்:

"வேம்பி, நீ ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடு."

வேம்பி தள்ளாடி எழுந்து, இரண்டு இடத்தில் படுத்து இளைப்பாறி, ஓடையைக் கடந்து போனாள்.

மான்களின் முதுகில் வழக்கமாக வந்து உட்காரும் மைனாக்கள் அன்றும் வந்தன. அவற்றில் ஒன்று வேம்பியின் பின்னாலேயே பறந்து போனதை மருதி பார்த்துவிட்டாள். நோயுற்றவளைத் தொட்ட மூக்கால் நம்மையும் தொடுமோ என்று அவளுக்குச் சந்தேகம். இனி எந்த மைனாவையும் உடம்பில் உட்கார விடக்கூடாது என்று கட்டளை போட்டாள். மான்கள் வாலை வீசியும் கொம்பை ஆட்டியும் மைனாக்களை விரட்டின.

நோய் நிற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு மான்கள் படுத்தன. அதற்கடுத்து மூன்று. கடைசியாகப் படுத்தவள் செம்பி, சினையாக இருந்தவள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் ஓடைக்கு அப்பால் அனுப்பினாள் மருதி. அனுப்பிய ஒவ்வொரு நாளும் அவளுக்குப் புல் இறங்கவில்லை.

ஒரு காலையில் மருதிக்கே உடம்பு கொதித்தது. கால் மூட்டெல்லாம் வலி. யாருக்கும் தெரியாமல் நிமிர்ந்து நடந்து பார்த்தாள். குட்டைக்கரை வரை போவதற்குள் மூச்சு வாங்கியது. அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. வேம்பியின் மூச்சு பட்ட இடத்தில் அவள் நின்றதில்லை. நோயாளிகள் குடித்த தண்ணீரை அவள் குடித்ததில்லை. அப்புறம் எப்படி வந்தது?

தான் போட்ட கட்டளையைத் தானே மீற அவளுக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஓடையைக் கடந்தாள்.

அங்கே மரநிழலில் நான்கு மான்கள் படுத்திருந்தன. வேம்பி நின்றுகொண்டிருந்தாள். விலா எலும்பு தெரிய இளைத்திருந்தாள், ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது. அவள் காதில் அந்த மைனா உட்கார்ந்திருந்தது.

"செம்பி எங்கே?" என்று மருதி கேட்டாள்.

"முந்தாநாள் போய்விட்டாள். வயிற்றுக்குட்டியோடு," என்றாள் வேம்பி.

மருதி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். மைனா பறந்து வந்து அவள் காதுக்குள் எட்டிப் பார்த்தது. சட்டென்று மூக்கை விட்டு எதையோ பிடுங்கிக் கீழே போட்டது. ஆமணக்கு விதை போலப் பருத்த ஓர் உண்ணி! சிறு கால்களை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

"இங்கே வந்த ஆறு பேர் காதிலும் இதுதான் இருந்தது," என்றது மைனா. "உன் கூட்டத்தில் நிற்பவர்கள் காதிலும் இருக்கிறது. அவர்களுக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை, அவ்வளவுதான்."

பிறகு அது நடந்ததைச் சொன்னது. அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் வெள்ளையம்மாளுக்கும் இப்படித்தான் காய்ச்சல் கண்டதாம். டாக்டர் அவள் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்த கறுப்பு வடுவைக் கண்டுபிடித்தாராம். உண்ணி கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமி ரத்தத்தில் இறங்கிவிடுகிறது, பக்கத்தில் இருப்பவர் மூச்சில் இது வராது என்று சொல்லி மாத்திரை கொடுத்தாராம். இப்போது அவள் எழுந்து நடமாடுகிறாளாம். மைனா இதையெல்லாம் அவள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

"உண்ணியை எடுத்துவிட்டால் எனக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள் மருதி.

"உள்ளே இறங்கிய கிருமியோடு உன் உடம்புதான் போராட வேண்டும். இனி உண்ணி ஏறாமல் இருக்க நான் உதவுவேன். இதைச் சொல்லத்தான் தினமும் வந்தேன். நீங்கள் விரட்டினீர்கள்."

மருதி படுத்து ஓய்வெடுக்கவில்லை. மைனாவும் கூடவே வர, வந்த வழியே திரும்பி நடந்தாள். கூட்டத்தின் நடுவில் நின்று, தனக்கும் காய்ச்சல் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கவைக்கொம்பன் என்ற ஆண்மான் முன்னால் வந்து, அப்படியானால் அவளும் போக வேண்டும் என்றான். அது அவள் போட்ட சட்டம்தானே!

"போகிறேன். ஆனால் அதற்குமுன் உன் காதை மைனாவிடம் காட்டு," என்றாள் மருதி.

கவைக்கொம்பன் காதில் ஏழு உண்ணிகள் இருந்தன. கழுத்து மடிப்பில் இன்னும் நான்கு. அதைப் பார்த்ததும் மற்ற மான்களும் காதை நீட்டின. மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. மான்கள் புதரோரப் புல்லை விட்டு, வெயில் படும் மேட்டுக்கு மேய்ச்சலை மாற்றின.

மருதியை யாரும் போகச் சொல்லவில்லை; கூட்டத்தின் நடுவிலேயே அவள் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்து பிழைத்தாள். எழுந்ததும் முதல் வேலையாக ஓடைக்கு அப்பால் போய், ஐந்து பேரிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, கூட்டத்துக்கு அழைத்து வந்தாள். செம்பி விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். வேம்பி திரும்பி வந்தாள். ஆனாலும் அடுத்த மழை வரும்வரை அவள் மருதியின் பக்கத்தில் மேயவில்லை. மருதியும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நோயை விரட்டாமல் நோயாளியை விரட்டினால், நோய் நம்மிடமே தங்கிவிடும்.