ஊசி எங்கே நின்றது

பெருமாள்சாமியின் இடது முழங்காலில் நீர் கோத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இடது கால் மடங்காவிட்டால் கிளட்ச் மிதிக்க முடியாது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

அரசு மருத்துவக் கல்லூரியில் மூட்டில் ஊசி குத்தி நீர் எடுக்கிற அறை. கட்டிலுக்கு எதிரே ஸ்கேன் பெட்டி, அதன் திரையில் சாம்பல் நிறப் புகை. சுற்றிலும் வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் நாலு பேர். கடைசியில் நின்ற கண்ணாடிக்காரனைப் பார்த்ததும் பெருமாள்சாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா, யார் வேணா குத்துங்க. இந்தக் கண்ணாடிப் பய மட்டும் வேணாம்."

டாக்டர் ஜுலேகா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த மாணவர்களுக்கு ஸ்கேன் பார்த்து ஊசி போடச் சொல்லித் தருகிறவர் அவர்தான்.

"ஏன், என்ன செஞ்சான்?"

"போன மாசம் நாலு குத்து குத்துனான். சொட்டுத் தண்ணி வரல. ஒரு வாரம் கக்கூசுக்குப் போகவே ஆள் புடிக்க வேண்டியதாப் போச்சு. நீங்க அன்னிக்கு லீவு."

கண்ணாடிக்காரனின் பெயர் லோகேஸ்வரன். அவன் காது சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஜெல் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

பெருமாள்சாமி எதையும் மறக்கிற ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் தன்னை எழுப்பிவிட்ட மச்சினனோடு பத்தொன்பது வருடம் பேசவில்லை. மச்சினன் செத்து நாலு வருடம் ஆகிறது. கோபம் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

"நானே குத்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றார் ஜுலேகா. "ஆனா இவன் அடுத்த வாரம் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போறான். அங்க பக்கத்துல நான் இருக்க மாட்டேன். இன்னிக்கு இவன் குத்தினா நல்லதுன்னு எனக்குத் தோணுது. முடிவு உங்களுது."

"என் முழங்கால் என்ன இவன் படிக்கிற பள்ளிக்கூடமா?"

"ஆமா."

ஒரு மாணவி சிரிப்பை மறைக்க இருமினாள்.

பெருமாள்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். பயல் எப்படியும் சொதப்புவான். அப்புறம் டாக்டரம்மா ரெண்டு நிமிஷத்தில் நீரை எடுத்துவிடுவார். கால் சரியாகிவிடும். நடுவில் பயலின் மானம் நாலு பேர் முன்னால் போகும். கசக்குமா?

"சரி, குத்தட்டும். ஆனா நீங்க இங்கயே நிக்கணும். இவன் லட்சணத்த உங்க கண்ணால பாக்கணும்."

"நிக்கிறேன்."

அவர் படுத்துக்கொண்டு வேட்டியைத் தொடைவரை ஏற்றினார். லோகேஸ்வரன் முழங்காலுக்கு மேலே மருந்து தடவித் துடைத்தான். ஸ்கேன் பெட்டியின் ஒயர் முனையில் கட்டைபோல் இருந்த ப்ரோப்பை இடது கையில் எடுத்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"கடல்பாசியக் காய்ச்சி, நடுவுல தண்ணி பலூன் வச்சுக் கட்டியாக்கி அதுல குத்திப் பழகுறோம்ல? அதுல நாப்பது தடவ குத்தியிருக்கேன். நாப்பதும் பலூன்லதான் போச்சு. ஆள்னு வந்தா மட்டும் ஊசி காணாமப் போயிருது. ஏன் மேடம்?"

"குத்து. பாப்போம்."

அவன் தோல் மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி போட்டான். பிறகு நீளமான ஊசி. திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது. அதுதான் நீர். ஓரத்திலிருந்து வெள்ளைக் கோடாக ஊசி கிளம்பியது. அரை விரல் தூரம் ஒழுங்காக வந்தது.

"ஒரு கை நகந்தா இன்னொரு கை நிக்கணும்" என்றார் ஜுலேகா.

"சரி மேடம்."

சொல்லும்போதே அவனுடைய இரண்டு கையும் நகர்ந்தன. வெள்ளைக் கோடு மறைந்தது. அவன் ப்ரோப்பைச் சாய்த்தான். வரவில்லை. நிமிர்த்தினான். வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கொஞ்சம் தள்ளினான்.

பெருமாள்சாமிக்கு மின்சாரம் தொட்டதுபோல் இருந்தது. தோல்தான் மரத்திருந்தது. உள்ளே மரக்கவில்லை.

"தள்ளாதே. ஊசி அப்படியே இருக்கட்டும்" என்றார் ஜுலேகா.

கட்டிலுக்கு அடியில் பெருமாள்சாமியின் பைக்குள் போன் அடித்தது. முதலாளியாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. மாணவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். லோகேஸ்வரனின் மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து நின்றது. துடைக்க அவனுக்குக் கை இல்லை.

"மேடம், நுனி தெரியல. எங்க இருக்கு?"

"இந்த ரூம்ல ஒருத்தருக்கு நல்லாத் தெரியும். அவரக் கேளு."

அவன் டாக்டரைப் பார்த்தான். மற்ற மூன்று பேரையும் பார்த்தான். அவர்கள் திரையைப் பார்த்தார்கள். கடைசியில், அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, பெருமாள்சாமியின் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா..."

"யாரு, நானா? இப்ப ஐயாவாயிட்டேனா?"

"ஊசி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"போன மாசம் தெரிஞ்சுச்சு. 'தம்பி, மேல போகுதுப்பா, மேல போகுதுப்பா'ன்னு கத்தினேன். நீ என்ன சொன்ன? 'பெருசு, பேசாம படு'ன்னு சொன்ன. இன்னிக்குப் பேசாம படுத்திருக்கேன். குத்து."

சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊசி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தொடைப் பக்கமாக ஏறி எலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டுக் காட்டலாம். காட்டவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். வலியில் ஒரு ருசி இருந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி கைகட்டி நின்றார்.

"மேடம், நான் எடுத்துடறேன்" என்றான் லோகேஸ்வரன். "இவருக்கு ரொம்ப வலிக்குது. கம்பியப் புடிச்சிருக்கார் பாருங்க. நீங்களே குத்துங்க மேடம். எனக்கு வரல."

இதற்காகத்தான் பெருமாள்சாமி காத்திருந்தார். வந்துவிட்டது. நாலு பேர் முன்னால், டாக்டரம்மா முன்னால், அவனே தன் வாயால் சொல்லிவிட்டான். ஆனால் அவன் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பியில் இருந்த அவர் கையைப் பார்த்துச் சொன்னான்.

ஊசி வெளியே வரத் தொடங்கியது.

"எடுக்காத" என்றார் பெருமாள்சாமி.

அவன் கை நின்றது.

"மேல நிக்கிது. தொடைப் பக்கம். எலும்புல முட்டுச்சு. இப்ப முட்டல. அந்தக் கட்டையக் கொஞ்சம் மேல கொண்டா. இன்னும். ரெண்டு விரக்கடை. ஊசிய ஆட்டாத, கட்டைய மட்டும் கொண்டா."

வலது கை நின்றது. இடது கை மட்டும் நகர்ந்தது. திரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று மினுங்கியது. பிறகு முழுக் கோடும் வந்தது.

"தெரியுது! ஐயா, தெரியுது!"

"எனக்கு எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. கொஞ்சம் பின்னால எடு. கீழ ஒடிச்சுக்க. ஆங். வரலாம்." லாரியை ரிவர்ஸ் எடுக்க வழி சொல்கிற குரல்.

"வலிக்குதா?"

"வரலாம், வரலாம். நேரா வா. வரலாம்... ம். போதும். நில்லு."

திரையில் வெள்ளைக் கோடு கறுப்புக் குளத்துக்குள் நின்றது. லோகேஸ்வரன் சிரிஞ்சை இழுத்தான். வெளிறிய தேநீர் நிறத்தில் நீர் வந்தது. ஒரு சிரிஞ்சு நிறைந்தது. இன்னொன்று. ஊசியை அசைக்காமல் சிரிஞ்சை மட்டும் கழற்றி மாட்டினான். மூன்றாவதும் முக்கால்வாசி நிறைந்தது. முழங்கால் மறுபடி முழங்காலாகத் தெரிந்தது.

பெருமாள்சாமி மெதுவாகக் காலை மடக்கினார். மடங்கியது. காற்றில் ஒரு கிளட்சை மிதித்துப் பார்த்தார்.

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. திங்கக்கிழமை காட்டிட்டு வண்டி எடுங்க" என்றார் ஜுலேகா.

லோகேஸ்வரன் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டினான். பார்த்துப் பார்த்து, முடியில் பிளாஸ்திரி ஒட்டாதபடி ஒட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெருமாள்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் தட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வெளியே போனான்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஜுலேகா மேஜையில் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெருமாள்சாமி கட்டிலில் இருந்து இறங்கவில்லை. எதுவோ அரித்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஊசி எங்க நிக்கிதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏன் அவன்கிட்ட சொல்லல? ஒருத்தன் கால்ல ஊசியோட கெடக்கான். பாத்துக்கிட்டே நின்னீங்களே, இது நியாயமா?"

ஜுலேகா சீட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

"நீங்க ஏன் சொல்லல?"