டிவிக்குள்ள ஓடுன பத்துச் சக்கர லாரி

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவர் இருந்தாரு. ஊரு நாமக்கல். அவரு பேரு செங்கோடன். இங்கிருந்து முட்டை ஏத்திக்கிட்டு வடக்கே போவாரு, அங்கிருந்து வெங்காயம் ஏத்திக்கிட்டு வருவாரு. முப்பது வருசத்துல ஒரு தட்டு முட்டை ஒடைஞ்சதில்லை. அவரு ஹாரன் அடிச்சா, பாம்ம்ம் பம் பம்னு, மூணு தெரு தள்ளியே தெரிஞ்சுரும் செங்கோடன் வந்துட்டாருன்னு.

"ம்."

அப்படித்தான் ம் கொட்டணும் கண்ணு. கொட்டலைன்னா லாரி வழியிலேயே நின்னுக்கும்.

அப்புறம் ஒரு நாளு அவரு முதுகுல சுருக்குனு ஒரு வலி. வலி பெருசாகி, ஆஸ்பத்திரி போயி, ஆப்பரேசனும் ஆச்சு. டாக்டரம்மா சொன்னாங்க: "நடங்க, உக்காருங்க, நல்லாச் சாப்பிடுங்க. லாரி மட்டும் ஆகாது. குலுங்குனா முதுகு தாங்காது." செங்கோடன் நேராப் போயி சாவிய மொதலாளி மேசை மேல வச்சாரு. வீட்டுக்கு வந்து நாற்காலியில உக்காந்தாரு. அன்னிலிருந்து பேச்சே கிடையாது.

அவரு சம்சாரம் பாவாயி கேக்கும்: "ஏனுங்க, சோறு போடட்டுங்களா?"

"ம்."

"கொழம்பு போதுங்களா?"

"ம்."

நீ கொட்டற ம் மாதிரி இல்லை. அது வேற ம். ரோட்டுல ஒரு லாரி டுர்ர்ர்ர்னு போச்சுன்னா அவரு தலை மட்டும் திரும்பும். சத்தம் தேயத் தேயப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்புறம் மறுபடியும் செவுத்தப் பாப்பாரு.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலா. கோழித் தீவனக் கம்பெனியில வேலை. அதிர்ந்து பேசாத புள்ளை. ஆனா கண்ணு மட்டும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். அப்பா நாலு மாசமாப் பேசாதது அவளுக்குத்தான் நெஞ்சுல முள்ளாக் குத்துச்சு.

அப்போ ஒரு நாளு, கூட வேலை செய்யற பொண்ணு வீட்டுல அவ ஒரு விளையாட்டப் பாத்தா. கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டற விளையாட்டு. நெசமாட்டமே ரோடு, மலை வளைவு, மழை. மழைக்கு வைப்பரு சரக் சரக்குனு ஆடுது. கோகிலா அப்படியே நின்னுட்டா. 'இந்த லாரி குலுங்காதே! அப்பாவை இதுல ஏத்திட்டா பேசிருவாரே!'

"பேசுனாரா?"

அவசரப்படாத சாமி. மொதல்ல கம்ப்யூட்டரு வேணுமில்ல? அவ சேத்து வச்சிருந்தது நாப்பதாயிரம். அதுக்கு மேல ஒரு ரூவா கிடையாது. பெரிய விளையாட்டு ஓடற கம்ப்யூட்டருன்னா அது பத்தாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மொத்தமா வாங்காம, பாகம் பாகமாப் பாத்து வாங்குனா முடியும்னு அவ கணக்குப் போட்டா.

பாவாயி கேட்டுது: "லாரிங்கறே, கம்ப்யூட்டருங்கறே. லாரிய எங்கடி நிறுத்தறது?"

"டிவி மேசை மேலம்மா. நம்ம டிவியையே மாட்டிக்கலாம், தனித் திரை வேண்டாம். மிச்சமாகறதுல ஒரு ஸ்டியரிங் வாங்கலாம். ஆனா அப்பாகிட்ட இப்போ சொல்லாத."

அப்புறம் அப்பாகிட்டப் போயி, "எனக்குக் கம்ப்யூட்டர் சாமான் வாங்கணும். தூக்கறதுக்குத் துணையா வாரீங்களாப்பா?"ன்னா.

"ம்."

ரெண்டு பேரும் சேலத்துக்குப் பஸ் ஏறுனாங்க. பஸ் திரும்பறப்பெல்லாம் அப்பாவோட வலது காலு தரைய அமுக்குது. இல்லாத பிரேக்கு! கோகிலா பாத்துட்டு, பாக்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மொதக் கடை. கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டிய எடுத்து டொக்குனு மேசை மேல வச்சாரு. "மேடம், இதான் பிராசஸர். கம்ப்யூட்டருக்கு மூளையே இதான். இருக்கறதுலயே பெருசு. இதை வாங்கிருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." வெலையக் கேட்டா, முப்பதாயிரம்! கோகிலா பையில இருக்கற காசை மனசுக்குள்ள எண்ணறா. அப்போ பின்னாடி இருந்து ஒரு சத்தம்.

"பெரிய எஞ்சினு. எந்தச் சேஸிஸ்ல மாட்டறது?"

செங்கோடன்! நாலு மாசம் கழிச்சு மொத மொதலாப் பேசிட்டாரு! பேசுனவரு மறுபடியும் வாய மூடிக்கிட்டாரு. ஆனா கோகிலாவுக்கு அந்த ஒரு பேச்சே பொங்கச் சோறு தின்ன மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவது கடை. கடை முழுக்கக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே காத்தாடி சுத்துது, செவப்பு, பச்சை, ஊதான்னு வெளக்கு மினுக் மினுக்குனு எரியுது. செங்கோடன் கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தாரு. அவரு மொகத்துலயும் அந்த வெளக்கெல்லாம் எரியுது.

"பாடி நல்லாக் கட்டியிருக்கானுங்க, அம்மிணி."

நாமக்கல்காரருக்கு லாரின்னா பாடி கட்டறதுதானே மொதல் அழகு! கோகிலாவுக்கு மனசு அப்படியே அது மேல ஓடிப் போச்சு. 'அப்பாவுக்குப் புடிச்சிருக்கு, வாங்கிரலாம்'னு பையத் தெறந்துட்டா. ஆனா அந்தப் பெட்டிக்குக் குடுத்தா, படத்தை இழுக்கற கார்டுக்குக் காசு இருக்காது. கார்டு இல்லைன்னா லாரி நகராது. அவ பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, நிக்கறா. செங்கோடன் திரும்பி அவ கையப் பாத்தாரு.

"வெளக்கு போட்டா லோடு இழுக்குமா? வா, போலாம்."

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாவது கடை. மாடிப்படி ஏறிப் போகணும். பேரு போட்ட பலகை கூட இல்லை. குமுதான்னு ஒரு அக்கா, மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுக்கிட்டு எதையோ ஈயம் வச்சுப் பத்த வச்சுக்கிட்டு இருந்தாங்க. கோகிலா மெதுவாத் தன்கிட்ட இருக்கற காசைச் சொன்னா. குமுதா அக்கா சிரிக்கலை. "போதும் கண்ணு. எஞ்சினு நடுத்தரமா இருந்தாப் போதும். லோடு இழுக்கறது கிராபிக்ஸ் கார்டுதான், காசு அங்க போகட்டும். புதுசு கட்டுப்படியாகாது, பழசு எடுத்துக்க. கரண்டு குடுக்கற பெட்டி மட்டும் பழசு வேண்டாம், அதுல மிச்சம் புடிச்சா எல்லாத்தையும் சுட்டுரும்"னாங்க. மெமரிய ஒரே துண்டாத் தராம ரெண்டு சின்னத் துண்டாத் தந்தாங்க.

செங்கோடன் கேட்டாரு: "அதென்ன ரெண்டு?"

"ரெண்டு பக்கமும் சமமா ஏத்துனாத்தான் வேகம் வருமுங்கண்ணா."

"அட, லோடு மாதிரியே!"

அப்போ குமுதா அக்கா மேசை மேல மூணு பழைய கார்டை வச்சாங்க. "புடிச்சதை எடுத்துக்கங்க." கோகிலாவுக்கு மூணும் ஒண்ணாட்டமே தெரியுது. செங்கோடன் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. மொதக் கார்டை மோந்து பாத்தாரு. "தீஞ்ச வாசம். ராப்பகலா ஓடுன வண்டி." தள்ளி வச்சுட்டாரு. ரெண்டாவது பளபளன்னு மின்னுது. அதோட திருகாணியத் தடவிப் பாத்தாரு. "தலை தேஞ்சிருக்கு. கழட்டி மாட்டியிருக்கானுங்க." அதுவும் தள்ளி. மூணாவது தூசி படிஞ்சு அழுது வடியுது. காத்தாடிய ஒத்தை வெரலால சுண்டுனாரு. விர்ர்ர்ர்ர்... ஒரு கரகரப்பும் இல்லாம சுத்துச்சு.

"இது வீட்டு வண்டி. ஓட்டிக் காட்டு அம்மிணி, அப்புறம் எடுத்துக்கறோம்."

குமுதா அக்கா அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுனாங்க. ஒரு கொறையும் இல்லை. எல்லாத்தையும் ஒரு சாதாக் கறுப்புப் பெட்டியில பூட்டிக் குடுத்துட்டு, "அண்ணா, நாளைக்கே இங்க வேலைக்கு வந்துருங்க"ன்னாங்க. பழைய ஸ்டியரிங் ஒண்ணும் அந்தக் காசுக்குள்ளயே அடங்கிருச்சு. பஸ்ஸுல வாரப்ப செங்கோடன் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தாரு, முட்டைத் தட்டைப் புடிச்ச மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் அவரா எந்திரிச்சுப் போயி பரண்ல இருந்து தார்பாய்த் துண்டு ஒண்ணைக் கொண்டு வந்தாரு. பெட்டியச் சுத்திப் போத்தி, கயித்தப் போட்டு, லாரிக்காரங்க போடற முடிச்சு போட்டு, இறுக்கிக் கட்டிட்டாரு. ஒயருக்கும் சுவிச்சுக்கும் மட்டும் ஓட்டை. "சரக்கு எறங்குனா மூடிரணும். தூசி." கோகிலா பாத்தா. மூச்சு விட எடம் வேணுமேன்னு நெனச்சா. ஆனா அப்பா கை நாலு மாசம் கழிச்சு இப்பத்தானே ஒரு வேலை செஞ்சுது? சொல்ல வாய் வரலை. 'ஒண்ணும் ஆகாது'ன்னு விட்டுட்டா.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. டிவிய மாட்டி, சுவிச்சைப் போட்டா. டிக். திரையில பத்துச் சக்கர லாரி வந்து நின்னுது.

"அப்பா, ஏறுங்க."

செங்கோடன் பாத்தாரு. மொகம் சுண்டிப் போச்சு. "பொம்மை லாரியா? முதுகு ஒடைஞ்சவனுக்குப் பொம்மையா? நான் என்ன கைக்கொழந்தையா?" எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு.

கோகிலாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. என்ன பண்ணுவா? தானே ஸ்டியரிங்கைப் பிடிச்சா. அவளுக்கு ஓட்டத் தெரிஞ்சாத்தானே! கியர் கர்ர்ர்ருங்குது. லாரி ஒரு கேட்டுல போயி டமார்! ஒரு பாலத்துல இடிச்சு டமார்! மூணாவதா ஒரு மலை ஏத்தத்துல ஏறமாட்டாமப் பின்னாடி உருளுது, கடகடகடன்னு.

வாசல்ல இருந்து சத்தம் வந்துச்சு. "ஏத்தத்துல எந்தக் கழுதையாவது மூணாவது கியர்ல போகுமா? ரெண்டுக்கு மாத்து! மாத்து! ஐயோ, உருளுதே! தள்ளு அம்மிணி!"

வந்து உக்காந்தாரு பாரு! முதுகை நிமித்தி உக்காந்தாரு. ரெண்டாவது கியரு, டுர்ர்ர்ர்ர், லாரி நிமுந்துச்சு. ஒரு வளைவு. ரெண்டு வளைவு. மூணாவது வளைவுல... பொசுக்! திரை இருட்டு.

மறுபடி போட்டாங்க. ஓடுச்சு. பொசுக்! இன்னொரு தடவை. பொசுக்!

செங்கோடன் கைய எடுத்துட்டாரு. "நான் பிடிச்சா எந்த வண்டியும் நின்னுரும், கண்ணு. வித்துரு." கொரலு கெணத்துக்குள்ள போயிருச்சு. நாற்காலியச் செவுத்துப் பக்கம் திருப்பப் போறாரு.

"ம்... ஐயோ, அப்புறம்?"

கோகிலாவுக்குத் தெரியும் எதுனாலன்னு. தார்பாய். ஆனா, 'நீங்க கட்டுனதுதான்பா தப்பு'ன்னு அவ பொறந்ததுல இருந்து அப்பாகிட்டச் சொன்னதில்லை. சொன்னா இருக்கற பேச்சும் போயிருமோ? சொல்லலைன்னாலும் போயிருமே! மெதுவாக் கேட்டா:

"அப்பா... ரேடியேட்டருக்கு முன்னாடி தார்பாய் கட்டுவீங்களாப்பா?"

செங்கோடன் அவளப் பாத்தாரு. பெட்டியப் பாத்தாரு. கையக் கொண்டு போயி பெட்டி மேல வச்சாரு. "ஆத்தாடி! கொதிக்குது!" அப்புறம் வயித்துக்குள்ள இருந்து ஒரு சிரிப்பு, கெக்கெக்கேன்னு. "முப்பது வருசம் எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துனவன், மூச்ச அடைச்சுக் கட்டிப் போட்டுட்டேனே! ஏ அம்மிணி, நேத்தே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

அவளும் சிரிக்கறா, அழுகறா, முடிச்ச அவுக்கறா. முடிச்சு லாரிக்காரரு முடிச்சாச்சே, அவுக்கவே கா மணி நேரம். பெட்டி ஆறுச்சு. சுவிச்சு. டிக். விர்ர்ர்ர். வளைவு மூணு, நாலு, அஞ்சு... மலை உச்சிக்கே ஏறிருச்சு. லாரி நிக்கவே இல்லை.

அப்போ செங்கோடன் ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம ஒரு கொரல் குடுத்தாரு. "ஏய் பாவாயி! கிளீனர் இல்லாம எப்படிப் போறது? வந்து ஏறு!"

"அடுப்புல பருப்பு கெடக்குதுங்க."

"அம்மிணி பாத்துக்கும். ஏறுங்கறேன்ல!"

முப்பது வருசம் வாசல்ல நின்னு வழியனுப்புன பாவாயி, ஈரக் கைய முந்தானையில தொடைச்சுக்கிட்டு, ஒரு முக்காலியப் போட்டு அவரு பக்கத்துல உக்காந்துச்சு. மொதத் தடவை. கொஞ்ச தூரம் போனதும் டிவிக்குக் கிட்டக் குனிஞ்சு, "இது எந்த ஊருங்க?"ன்னு கேட்டுது.

"அதா, அந்த மலையத் தாண்டுனா ஒரு டீக்கடை வரும் பாரு..."ன்னு ஆரம்பிச்சாரு செங்கோடன். ஒவ்வொரு ஊராச் சொல்லிக்கிட்டே போனாரு. கோகிலா அடுப்படியில பருப்பைக் கிண்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னிக்குப் பருப்பு அடி பிடிச்சுப் போச்சு. அதையே மூணு பேரும் ருசிச்சுச் சாப்பிட்டாங்க.

என்ன சாமி, ம் சத்தத்தையே காணோம்? சரி சரி. லாரி மலை எறங்கிருச்சு, கதை ஊரு வந்து சேந்துருச்சு. நீ கண்ணு மூடு.